மேலமாசி வீதியில் ஒரு வீடும் ஒரு புடவைக் கடையும்

மதுரை மாநகருக்கு யாத்திரை செல்லும் இலங்கைத் தமிழர் அங்கு காண்பவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அங்கயற்கண்ணி அம்மையின் ஆலயம். அடுத்துத் திருமலை நாயக்கர் மகால். அதன் பின் திருப்பரங்குன்றமும் அழகர் கோயிலும். இவற்றைத் தரிசித்து முடித்ததும், எஞ்சிய பொழுதையும் பணத்தையும் புடவைக் கடைகளிலே செலவிட்டு ஊர் திரும்புவர். இதிலே குற்றம் ஒன்றும் இல்லை. கோயிலும் கொள்முதலும் சேர்ந்ததே தொன்றுதொட்டு நம்மவர் யாத்திரை. ஆயினும், அந்நகரிலே சரித்திரமும் புடவைக் கடையும் ஒரே கூரையின்கீழ் அமைந்த இடம் ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார். மேலமாசி வீதியிலுள்ள அவ்வீட்டைக் குடும்பத்தோடு சென்று காணும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது. அங்கே கண்டவற்றையும் எண்ணியவற்றையும் வாசகர்களோடு, சிறப்பாக மாணவர்களோடு, பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

மறைந்த வழி

செட்டிகுளத்தாருக்கு மதுரை ஒரு காலத்தில் அத்துணைத் தொலைவான ஊராக இருக்கவில்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் இருப்புப் பாதை எமது ஊரின் வழியாகவே போகின்றது. 1914ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. செட்டிகுளத்திலே புகையிரதம் ஏறியவர் தலைமன்னார்த் துறையிற் கப்பல் ஏறி, அக்கரையில் மறுபடியும் புகையிரதம் ஏறி, மதுரையைச் சென்றடையலாம். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்து போயிற்று. 1980களின் கொந்தளிப்பிலே அதுவும் நின்றது. போர்க் காலத்தில் தண்டவாளமே இல்லாமற் போயிற்று. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் தலைமன்னார் வரை புகையிரதம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. கடலைக் கடக்கும் கப்பல் மட்டும் அங்கே திரும்பவில்லை.

ஆகவே, எமக்கு வடமேற்கே இருக்கும் மதுரைக்குச் செல்லும் பொருட்டு, தெற்கு நோக்கிக் கட்டுநாயக்கா வரை பயணஞ் செய்து, அங்கிருந்து விமானம் ஏறினோம். ஆகாயப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். விமான நிலையத்தை அடைவதற்குச் சென்ற நேரமோ அதனினும் பன்மடங்கு.

மாதங்களின் பெயர் பூண்ட வீதிகள்

மதுரையின் அமைப்பை அறியாதவர்க்கு அதன் வீதிப் பெயர்கள் மயக்கந் தரும். ஆலயத்தை நடுவே வைத்து, ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரமான வீதிகள் அமைந்துள்ளன. உள்ளே ஆடி வீதி; அதனைச் சூழச் சித்திரை வீதி; அதன் வெளியே ஆவணி மூல வீதி; அதற்கும் அப்பால் மாசி வீதி; எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதி. ஒவ்வொரு வீதிக்கும் கீழ், மேல், வடக்கு, தெற்கு என நான்கு பக்கங்கள். சித்திரைத் திருவிழாவிலே தேர் ஓடுவது மாசி வீதிகளிலேயாம். அவற்றுள் மேற்குப் பக்கத்து வீதியே மேலமாசி வீதி. புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம்.

நாம் சென்றது காலை வேளை. பாத்திரக் கடைகளும் பலகாரக் கடைகளும் வரிசையாகத் திறந்துகொண்டிருந்தன. சைக்கிள்களும் ஓட்டோக்களும் தள்ளுவண்டிகளும் நெருங்கிச் சென்றன. இவற்றினிடையே, பெருங் கடைகளின் ஒளி விளக்குகளோ கண்ணாடிப் பொம்மைகளோ இல்லாத ஓர் அங்காடி. அதுவே கதர் விற்பனை நிலையம். அந்தக் கட்டடத்தின் மாடியிலேதான், 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள், மகாத்மா காந்தியடிகள் தமது உடையை மாற்றிக்கொண்டார்.

அன்று நிகழ்ந்தது என்ன?

அப்போது அது ராம்ஜி கல்யாண்ஜி என்ற அன்பரின் இல்லம். மதுரைக்கு வந்த காந்தியடிகள் அங்கே தங்கியிருந்தார். தலையிலே குல்லாய், உடலிலே மேற்சட்டை, இடையிலே முழு வேட்டி என்பதே அதுவரை அவர் உடை. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் பம்பாயிலே அந்நியத் துணிகளைத் தீயிலிட்டு எரிக்கும் இயக்கத்தை அவரே தொடங்கி வைத்திருந்தார். எரிப்பது எளிது. எரித்தபின் எதை உடுப்பது என்பதன்றோ வினா?

இந்த வினா அவரை மூன்று முறை வாட்டியது என்பதை அவர் எழுத்திலிருந்தே அறிகின்றோம். வங்காளத்துக் குல்னாப் பகுதியிலே மக்கள் பசியாலும் உடையின்மையாலும் வாடியபோது முதன்முறை. செப்டெம்பர் 14ஆம் நாள் வால்ட்டேர் நிலையத்திலே, உடன் பயணஞ் செய்த மௌலானா முகம்மது அலி கைது செய்யப்பட்டபோது இரண்டாம் முறை. சென்னையிலிருந்து மதுரைக்குப் புகையிரதத்திலே வந்துகொண்டிருந்தபோது மூன்றாம் முறை. அந்த வண்டியிலே அந்நியத் துணி உடுத்திருந்தவர்களைக் கண்டு, கதர் உடுக்குமாறு அவர் வேண்டினார். கதர் விலை மிகுந்தது. அதனை வாங்க இயலாத ஏழைகள் தாம் என்று அவர்கள் தலையசைத்தார்கள்.

அந்த மறுமொழியிலே பொய் இல்லை என்பதை அடிகள் உணர்ந்தார். குல்லாயும் சட்டையும் முழு வேட்டியும் அணிந்த தாம், இடையிலே ஒரு முழத் துண்டுக்கு வழியில்லாதவரிடம் கதரின் பெருமையைச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? மதுரையிலே உடனிருந்த நண்பர்களிற் சிலர் தயங்கினர். அவரோ துணிந்துவிட்டார். முழங்காலளவு துண்டொன்றும், வேண்டும்போது போர்த்திக்கொள்ள ஒரு சால்வையுமே இனித் தமது உடை என்றார். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் வரையேனும் அவ்வாறு இருப்பதாகவே முதலில் அறிவித்தார். அந்த எல்லை வந்தது, போயிற்று. உடை மாறவில்லை. அக்கோலத்தோடு அவர் முதன்முதல் மக்கள் முன் தோன்றிய திடல் காமராசர் சாலையிலே இன்றும் காந்தி பொட்டல் என வழங்குகின்றது. 1931ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றபோது, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மாளிகைக்கும் இதே உடையோடு சென்றார். இந்திய நெசவாலையை அல்ல, இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளரையே நேரிற் கண்டு, தமது துணி மறுப்பின் காரணத்தை விளக்கியதும் அப்பயணத்திலேதான்.

மாடியிலே எழுந்த கேள்வி

அவர் தங்கிய இடம் நினைவிடமாகப் பேணப்படுகின்றது. நிழற்படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. அரண்மனையின் ஆடம்பரமோ அருங்காட்சியகத்தின் காவலோ இல்லை. வீதியின் இரைச்சல் மேலே வந்து கேட்கின்றது. கடைக்கு வந்தவர்கள் விலை விசாரிக்கும் ஒலியும் இடையிடையே கேட்கின்றது. இத்தகைய இடத்தில் உள்ளம் தானாகவே அடங்கிவிடுகின்றது.

உயர்தர வகுப்பிலே படிக்கும் எம் மகள் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பு, “அப்பா, ஏழைகளுக்கு உடை இல்லையென்றால் அவர்களுக்கு உடை வாங்கிக் கொடுக்கலாம். அல்லது, எரித்த துணிகளையே அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அதை விட்டுத் தாமும் களைந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டாள்.

இது சிறு பிள்ளைக் கேள்வியன்று. அக்காலத்திலே காந்தியடிகளின் நெருங்கிய நண்பராகிய சி. எவ். அன்ரூஸ் பாதிரியார் துணி எரிப்பைக் கண்டு வருந்தினார். மகாகவி தாகூர் 1921ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வெளிவந்த தமது கட்டுரையில், எல்லாரும் ஆராயாமல் இராட்டை சுற்றுவதையும், உடையற்றோர் நிறைந்த நாட்டிலே துணியை எரிப்பதையும் கண்டித்தார். காந்தியடிகள் அதே மாதத்திலே மறுமொழி எழுதினார். வேலை இன்றி வாடுபவனுக்கு வேலையைக் கொடாமல் பழந்துணியைக் கொடுப்பது அவனை அவமதிப்பதாகும் என்பது அம்மறுமொழியின் சாரம். பசித்தவனுக்கு இறைவன் வேலையாகவும் கூலியாகவுமே தோன்றுவான் என்பது அவர் கொள்கை. இருவரும் பகைவர்கள் அல்லர்; ஒருவரை ஒருவர் மதித்தவர்கள். ஆயினும் கருத்தை மறைக்காமல் வாதிட்டார்கள். மாணவர்கள் இவ்விரு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படிப்பார்களாயின், கருத்து வேற்றுமையை எவ்வாறு நாகரிகமாகக் கையாளுவது என்பதையும் கற்றுக்கொள்வர்.

மகளின் கேள்விக்கு நாம் கூறிய விடை இதுவே: உடையைக் குறைத்தமையால் ஏழைக்கு ஒரு முழத் துணியும் கிடைக்கவில்லை என்பது மெய். ஆனால், “எனக்கு வசதி இல்லை” என்று ஏழை சொன்ன சொல்லைக் கேட்டவுடன், அவனைத் திருத்த முற்படாமல் தம்மைத் திருத்திக்கொண்ட தலைவர் அவர். பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் நடுவே இருந்த ஒரு தடையை அவர் அகற்றினார். மீதியை இராட்டை செய்யவேண்டும்.

செட்டிகுளத்தின் நினைவு

அந்த இராட்டையின் பொருட்டே அவர் எமது தீவுக்கும் வந்தார். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, கதர் நிதிக்குப் பொருள் சேர்க்கும் நோக்கத்தோடு கொழும்பு, கண்டி முதலிய இடங்களுக்குச் சென்று, பின்னர் யாழ்ப்பாணத்திலும் பல பாடசாலைகளிலே பேசினார். யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் அவரை அழைத்த அமைப்பாகும். மதுரையிலே பூண்ட அரைத் துண்டையே நம் பாட்டன் பூட்டன் கண்ணாரக் கண்டனர்.

அவருக்கும் முன்னரே, நம் நாட்டு அறிஞர் ஒருவர் உடையைப் பற்றிச் சிந்தித்திருந்தார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) மேனாட்டு உடையை நம்மவர் கண்மூடிப் பின்பற்றுவதை 1905ஆம் ஆண்டிலேயே கண்டித்து எழுதினார். சுதேசியம் என்பது வெறும் வாணிகப் போட்டி அன்று. கைவினைஞனின் கலையையும் வாழ்வையும் காப்பதே அதன் உயிர் என்பது அவர் கருத்து.

அப்பெரியாரின் பெயரை எமது ஊரார் வேறொரு விதத்திலும் அறிவார்கள். 2009ஆம் ஆண்டிலே, போரின் இறுதி நாட்களில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வெளியேறிய மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே தங்கவைக்கப்பட்டனர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைபட்டிருந்தனர். முகாமின் ஒரு பகுதிக்கு ஆனந்த குமாரசுவாமி என்று பெயர். இன்னும் சிலவற்றுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெயர்கள். அங்கு வந்தவர்களுட் பலர் உடுத்த உடை ஒன்றுடனேயே வந்தனர். அதைத் துவைத்தால் உலரும் வரை உடுப்பதற்கு மாற்றுடை இல்லை. 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலே இறுதியாக இருந்த குடும்பங்களும் வெளியேற, முகாம் மூடப்பட்டது.

மேலமாசி வீதி மாடியிலே நின்றபோது எமக்கு இந்த நினைவு வந்ததில் வியப்பில்லை. ஒற்றைத் துணி என்பது அங்கே துறவின் அடையாளம். எமது ஊரிலோ அது இழப்பின் அடையாளம். தானே விரும்பித் துறப்பது வேறு; பறிகொடுத்து நிற்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுதல் பெரும் பிழை. வறுமையைப் புகழ்வதற்காகக் காந்தியடிகள் ஆடையைக் குறைக்கவில்லை. வறுமை என்பது பிறர் மீது சுமத்தப்பட்ட ஒன்று என்பதை, உடையுள்ளோர் ஒவ்வொரு நாளும் கண்ணாற் காணவேண்டும் என்பதற்காகவே குறைத்தார். இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டவர்க்கே அந்த மாடி முழுப் பொருளையும் தரும்.

கீழே உள்ள கடை

மாடியிலிருந்து இறங்கிக் கடைக்குள் வந்தோம். வெள்ளை வேட்டிகள், துண்டுகள், சட்டைத் துணிகள், போர்வைகள் ஆகியன அடுக்கப்பட்டிருந்தன. எம் இல்லத்தரசி, “சாரம் இருக்கிறதா?” என்று கேட்டாள். கடைக்காரர் சாரமென்றால் யாதென அறியாமல் விழித்தார். இரு கைகளாலும் இடுப்பைச் சுற்றிக் காட்டியதும், “அடடே, கைலியா அம்மா! சிலோன்லேயிருந்து வர்றீங்களா?” என்று சிரித்தார். நாம் சால்வை என்பதை அவர் துண்டு என்றார்; நாம் புடவைக் கடை என்பதை அவர் ஜவுளிக் கடை என்றார். ஒரே தமிழ், ஒரு கடலால் இருவகைப்பட்டு நிற்பதைக் கண்டு இருவரும் மகிழ்ந்தோம்.

கதருக்கும் கைத்தறிக்கும் வேறுபாடு யாது என்று வினவினோம். அவர் ஒரு துணியை வெளிச்சத்திலே பிடித்துக் காட்டினார். கைத்தறித் துணியிலே நெசவு மட்டும் கையால் நடைபெறுகின்றது. நூல் பெரும்பாலும் ஆலையிலே நூற்கப்படுவது. கதரிலோ நூற்றலும் நெய்தலும் ஆகிய இரண்டும் கைவேலை. கையால் நூற்ற நூல் ஓரிடத்திலே சற்றுத் தடித்தும் ஓரிடத்திலே மெலிந்தும் இருக்கும். இந்தச் சமமின்மையே கதரின் முத்திரை. நூல்களின் இடையே காற்றுப் புகுதலால் வெயிற் காலத்திலே உடல் புழுங்காது, வியர்வையும் உறிஞ்சப்படும்.

நூலின் நுண்மையை அளக்கும் முறையையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஆங்கில முறைப்படி, ஒரு கழி என்பது 840 கெஜ நீளமுள்ள நூல். ஓர் இறாத்தல் பஞ்சிலிருந்து இருபது கழி நூல் வருமாயின் அது இருபதாம் நம்பர் நூல். நாற்பது கழி வருமாயின் நாற்பதாம் நம்பர். எனவே, இலக்கம் உயர உயர நூல் மெலியும். பழைய இராட்டைக்கு ஒரு கதிர். ஒரு நேரத்தில் ஓர் இழையே வரும். பல கதிர்களை ஒரே கைப்பிடியாற் சுழற்றும் இராட்டையை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். அவர் பெயரிலிருந்தே அதற்கு அம்பர் சர்க்கா என்ற பெயர் வந்தது.

விலையைக் கேட்டபோது, 1921ஆம் ஆண்டுப் புகையிரதப் பயணிகளின் முறைப்பாடு இன்றும் தீரவில்லை என்பதை உணர்ந்தோம். ஆலைத் துணியும் செயற்கை இழைத் துணியும் கதரிலும் மலிவு. காந்தி ஜயந்தியை ஒட்டி வழங்கப்படும் தள்ளுபடியை எதிர்பார்த்து வாங்குவோரும் உண்டாம். இயந்திரம் ஒரு நொடியிலே செய்வதை மனிதக் கை நெடுநேரம் இருந்து செய்தால் விலை கூடத்தானே செய்யும்? அந்த மேலதிக விலை எங்கோ ஒரு கிராமத்திலே இராட்டையின் முன் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் அன்றாடக் கூலி என்று எண்ணிக் கொடுப்பவர் கொடுக்கலாம். கொடுக்க இயலாதவரைப் பழித்தல் தகாது. அவ்வாறு பழிக்காமல் இருப்பதற்காகவன்றோ மேல்மாடியில் ஒருவர் தமது சட்டையைக் களைந்தார்?

எமக்கு ஒரு வேட்டியும், ஊரிலுள்ள முதியவருக்கு ஒரு சால்வையும், மகளுக்கு ஒரு சட்டைத் துணியும் வாங்கினோம். பழைய செய்தித்தாளிலே பொதிந்து கட்டித் தந்தார்.

மற்றொரு துணி

வைகையின் வடகரையிலே, இராணி மங்கம்மாளின் பெயரோடு விளங்கும் தமுக்கம் அரண்மனையிலே காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கின்றது. 1959ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் பண்டித நேரு அதனைத் திறந்து வைத்தார். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த, குருதி தோய்ந்த துணி அங்கே வைக்கப்பட்டுள்ளது. அன்று பிற்பகல் அதனையும் சென்று கண்டோம். ஓர் உடை தொடங்கிய இடமும் அது முடிந்த அடையாளமும் ஒரே நகரிலே இருக்கின்றன. நடுவே கடந்தவை இருபத்தாறு ஆண்டுகளும் நான்கு மாதங்களும்.

அந்த ஆண்டுகளிலே மதுரையும் மாறிற்று. 1934ஆம் ஆண்டு அடிகள் மதுரைக்கு வந்தபோது, தாழ்த்தப்பட்டோருக்கு அடைத்த கதவு தமக்கும் வேண்டாம் என்று மீனாட்சி ஆலயத்துள் நுழையவில்லை. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அம்மக்களோடு ஆலயப் பிரவேசம் செய்தார். அதன் பின்பு, 1946ஆம் ஆண்டிலேதான் அடிகள் உள்ளே சென்று அம்மையை வணங்கினார். இல்லாதவனுக்கு இல்லாத உடை தமக்கும் வேண்டாம் என்றவர், அவனுக்கு இல்லாத தரிசனமும் வேண்டாம் என்றிருந்தது இயல்பேயன்றோ?

நமக்கு ஒரு படிப்பினை

நினைவிடங்கள் பல கண்டிருக்கின்றோம். பெரும்பாலானவற்றிலே சிலை இருக்கும், பூட்டிய கதவு இருக்கும், ஆண்டுக்கொருமுறை மாலை இருக்கும். மேலமாசி வீதி வீடு அவ்வாறன்று. அங்கே மேலே நினைவு, கீழே வேலை. ஒருவர் கொண்ட கொள்கை, நாள்தோறும் நூற்பவர் சிலருக்கும் நெய்பவர் சிலருக்கும் விற்பவர் சிலருக்கும் சோறாக மாறிக்கொண்டிருக்கின்றது. விற்பனை நிற்குமாயின் நினைவும் தூசு படியும்.

வன்னி மண்ணிலே நினைக்கவேண்டியவை பல உண்டு. நினைவுச் சின்னம் எழுப்புவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கல்லையும் சீமெந்தையும் பற்றியே பேசுகின்றோம். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு ஒரு தறி, ஒரு தையற்கூடம், அவர்கள் செய்த பொருளை விற்க ஒரு கடை. அதன் மேல்மாடியிலே நம் நினைவுகள். இவ்வாறு அமைத்தால் ஆகாதா? இது பெரும் பணம் வேண்டும் திட்டமன்று. எண்ணம் ஒன்றே வேண்டுவது.

ஆதலால், மதுரைக்குச் செல்லும் அன்பர்கள் மற்ற இடங்களைக் கண்ட பின் மேலமாசி வீதிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்களாக. பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கீழே வந்ததும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒரு கதர்த் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலே தடித்தும் மெலிந்தும் ஓடும் இழை ஒரு மனிதக் கையின் சுவடு என்பதை அவர்கள் விரல்களே அவர்களுக்குச் சொல்லும்.